மெஹராஜின் முப்பத்திரண்டாம் நாள்

கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள். வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக முப்பத்தோரு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். இந்த இரண்டு எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபத்தெட்டாம் நாள் விடிந்தும் ஓடு விரியவில்லை என்றால் அது கூமுட்டை, எடுத்துக் குப்பைக்குழியில் போட வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். நானும் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் அதட்டலாகவே. என் சுபாவம் அப்படி. அந்த வாயை அடைத்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் சத்தம் போட்டு அடைக்கவில்லை. நாளை எண்ணியே அடைத்தார்.

மெஹராஜ் என்று பெயர். உத்தமபாளையத்தில் ஆற்றுப் பக்கம் போகிற தெருவில் கடைசி வீடு அவருடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால், அதைத் தாண்டினால் நெல் வயல். கணவர் சேக் பரீத் அரிசி மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை இல்லை. 1968 ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று மண்டியிலிருந்து நடந்து வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தார், அப்படியே மவுத்தாகிவிட்டார். அன்றைக்கு மெஹராஜுக்கு முப்பது வயது.

அவர்கள் வழக்கப்படி கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இத்தா என்பார்கள். சேக் பரீத் ஓதுகிற தஸ்பீ மணிமாலை முப்பத்து மூன்று மணிகளோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெஹராஜ் ஒரு சிவப்பு நூலை அதில் கட்டி, நாளுக்கு ஒரு மணியாக நகர்த்திக்கொண்டே வந்தார். மாலை நான்கு தடவை சுற்றி வந்த பிறகுதான் வெளியே வந்தார். நாளை எண்ணுவது என்றால் என்ன என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

இத்தா முடிந்த மறுநாளே கம்பத்திலிருந்து அண்ணன் சம்சுதீன் வந்துவிட்டார். ஜவுளிக்கடைக்காரர், தங்கச்சி மேல் உயிர். "ஒத்தப் பொம்பளை ஆத்தோரத்துல எப்படி இருப்ப? வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரு" என்றார். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் மெஹராஜ் என்னிடம் சொன்னது வேறு.

"அண்ணன் வீடு நல்ல வீடுதான் கம்பவுண்டரண்ணே. அங்கன போனா எனக்குச் சோத்துக்குக் குறைவில்ல. ஆனா நான் விருந்தாளியா, வேலைக்காரியான்னு எனக்கே தெரியாது. இங்கன இருந்தா நான் மெஹராஜு."

அண்ணனும் தங்கச்சியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்றாம் வருடம் ரமலான் நோன்பு தொடங்குவதற்குள் அவர் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று அண்ணனுக்குப் பட்டால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வண்டி வரும். அவ்வளவுதான் பேச்சு. மெஹராஜ் கையில் இருந்தது அந்த வீடும் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டு வாத்துகளும்தான்.

நாட்டு வாத்து நன்றாக முட்டையிடும். வாய்க்கால் நத்தையையும் வயலில் உதிர்ந்த நெல்லையும் மேய்ந்துவிட்டு வந்து விடியுமுன் முட்டை வைத்துவிடும். ஆனால் உடம்பில் ஒன்றும் இருக்காது. தேனியிலிருந்து வரும் வியாபாரி ஜேசுராஜ் முட்டையையும் வாத்தையும் வாங்கிக் குமுளிக்கு ஏற்றுகிறவர். கிறிஸ்துமஸுக்கு மலையாளத்தார் வீட்டில் வாத்துக்கறி இல்லாமல் இருக்காது. அவர் மெஹராஜின் வாத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இது தோலும் எலும்பும்தாம்மா. முட்டைக்கு ஆகும், கறிக்கு ஆகாது" என்று கீழே விட்டுவிடுவார். முட்டையை வைத்து வருடம் முழுக்கக் கஞ்சி குடிக்கலாம், குடித்தனம் நடத்த முடியாது. அந்தக் கொல்லையோ இருபது வாத்துக்கு மேல் தாங்காது. ஆகவே இருக்கிற வாத்தே முட்டையும் தர வேண்டும், வருடக் கடைசியில் கறியும் தர வேண்டும்.

இங்கேதான் ஊமையன் வருகிறான்.

சேக் பரீத் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு ஜேசுராஜ் குமுளியிலிருந்து மூன்று பெரிய முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மலையாளத்தார் மணித்தாராவு என்று சொல்லும் சாதி. மெஹராஜ் அவற்றை நாட்டு வாத்து முட்டைகளோடு சேர்த்து ஒரு கோழிக்கு அடை வைத்தார். நாட்டு வாத்து தானாக அடை உட்காராது என்பதால் எப்போதும் கோழிதான் அதன் பிள்ளைக்கும் தாய். மூன்று முட்டையில் ஒன்றுதான் பொரித்தது. அதுதான் ஊமையன். முகமெல்லாம் சிவந்த மருக்கள், நெஞ்சு அகலம், எடை நாட்டு வாத்தைப் போல மூன்று மடங்கு. சத்தமே போடாது, மூச்சை மட்டும் உஸ் உஸ் என்று விடும். கொடுக்காப்புளி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வாத்து மரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

மெஹராஜ் ஆண் நாட்டு வாத்துகளையெல்லாம் விற்றுவிட்டு ஊமையனை மட்டும் பெட்டைகளோடு விட்டார். அவற்றோடு குஞ்சிலிருந்து வளர்ந்தவன் ஆதலால் ஒட்டிக்கொண்டான். முட்டைக்கு ஆத்தாள், கறிக்கு அப்பன் என்பது அவர் போட்ட திட்டம். தெருவில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் தடவை பதினேழு முட்டை வைத்தார். அடை எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். கூடையில் மணல், மணலுக்குள் ஓர் இரும்பு ஆணி, நாலு வற்றல் மிளகாய், ஒரு கரித்துண்டு, எல்லாம் முறைப்படி. இருபத்தெட்டு நாள் ஆயிற்று, ஒன்றும் பொரிக்கவில்லை. குப்பைக்குழியில் போட்டார். மறு வருடம் பத்தொன்பது முட்டை. இருபத்தெட்டாம் நாள் காலையில் நான் அந்த வழியாகப் போனேன். "பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார். இரண்டு முட்டைகளை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே களக் களக்கென்று தண்ணீர் ஆடியது. மற்றதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் கூமுட்டை. ஊமையனை நம்பி முட்டையை வீணாக்காதே தங்கச்சி. ரெண்டும் வேற வேற சாதி, ஒட்டாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அன்று மத்தியானமே தேடி ஆள் அனுப்பினார். போனேன். கொல்லையில் குப்பைக்குழி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காக்கை ஒரு முட்டையைக் கொத்தி உடைத்திருந்தது. உள்ளே குஞ்சு முழுசாக இருந்தது. மஞ்சள் பூஞ்சை மயிர், சவ்வுக் கால், அலகு நுனியில் ஓட்டை உடைக்கிற அந்த வெள்ளைப் புள்ளி. வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் கரு உள்ளே போகாமல் பாக்கி இருந்தது. காக்கை கொத்துகிற வரை அது உயிரோடு இருந்திருக்கிறது.

மெஹராஜ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"போன வருசமும் உசுரோடதான் போட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மற்ற முட்டைகளைத் தடவிப் பார்த்தேன். வெயிலில் வெந்துபோயிருந்தன. என் கைதான் குலுக்கியது, என் வாய்தான் சொன்னது. வீட்டுக்குப் போய் அன்று சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கூட்டம் கலையும் வரை வேப்பமரத்தடியில் நின்றார்.

"ஒரு கணக்குக் கேக்கட்டாண்ணே?"

"கேளு."

"அவுக மவுத்தான அன்னைக்கு நாட்டு வாத்துக் குஞ்சு பொரிச்சிருச்சு. வீடு நிறைய ஆளு. குஞ்சு மிதிபடும்னு பக்கத்து வீட்டு ஜக்கம்மா கூடையில அள்ளிக்கிட்டுப் போயிட்டா. இந்த மூணு பெரிய முட்டைய எடுத்துப் போட யாருக்கும் தோணல. கோழி அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சு. ஏழாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிச்சு, வந்தவுக போனாக. அன்னைக்குத்தான் ஊமையன் வெளிய வந்தான். அப்ப இவன் சாதிக்கு எத்தனை நாள்?"

"இருபத்தெட்டும் ஏழும் முப்பத்தஞ்சு."

"ஆத்தாளுக்கு இருபத்தெட்டு. அப்பனுக்கு முப்பத்தஞ்சு. ரெண்டு பேருக்கும் பிறக்கிற பிள்ளை ஆத்தா கணக்குல மட்டும் எப்படிண்ணே வரும்? நடுவுலதான வரணும்?"

எங்கள் அலமாரியில் இருந்த புத்தகத்தில் வாத்துக்கு ஒதுக்கியது ஒன்றரைப் பக்கம். அதில் இது கிடையாது. இந்தப் பெண்பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். தன் வாழ்க்கையிலேயே கொடுமையான ஏழு நாளை எடுத்து வைத்து, அதிலிருந்து ஒரு கணக்கை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். துக்க வீட்டில் மூலையில் கிடந்த கோழியை யார் கவனிப்பார்கள்? அவர் கவனித்திருக்கிறார்.

"முப்பத்தொன்றரை வருதும்மா" என்றேன்.

"முப்பத்திரெண்டுன்னு வச்சுக்குவோம்" என்றார்.

1971 ஆவணியில் மூன்றாம் தடவை வைத்தார். பெட்டைகள் முட்டையிட்டு ஓய்ந்துவந்த நேரம், கிடைத்தது பதினொரு முட்டைதான். நோன்பு வருவதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. இது பொரிக்காவிட்டால் இன்னொரு அடைக்கு நாளில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். தஸ்பீ மணியில் மறுபடியும் சிவப்பு நூல் ஏறியது.

எட்டாம் நாள் கொல்லைக் கதவின் ஓட்டை வழியாக வந்த காலை வெயிலில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தார். ஆறு முட்டை கருப்பிடிக்காமல் தெளிவாக இருந்தன. அவை குழம்புக்குப் போயின. ஐந்தில் நரம்பு ஓடியிருந்தது. தினமும் கையைத் தண்ணீரில் நனைத்து அந்த ஐந்தின் மேலும் தெளித்தார். அடை உட்காருகிற சாதி வாத்து நனைந்த உடம்போடு வந்து உட்காரும், கோழி அப்படி உட்காராதே என்று காரணம் சொன்னார்.

இருபத்தெட்டாம் நாள் நான் போனேன். ஒன்றும் அசையவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாகத்தான் அப்படி இருந்திருக்கிறேன்.

இருபத்தொன்பதாம் நாள் கோழி எழுந்துவிட்டது. அதன் கணக்கு இருபத்தொன்று, பாவம், எட்டு நாள் கூடவே உட்கார்ந்திருக்கிறது. பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடினாலும் உள்ளே நின்றுகொண்டே கத்தியது. மெஹராஜ் முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு ஜக்கம்மா வீட்டுக்கு ஓடினார். ஜக்கம்மா கம்பளத்து நாயக்கர் வீட்டுப் பெண், பால் ஊற்றுகிறவர். அன்றைக்குத்தான் அவர் வீட்டுக் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது. "எம்முட்டை கெடக்கட்டும் ஆத்தா, ஒன்னோடதை வையி" என்று கோழியைக் கூடையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

முப்பதாம் நாள் காலை நான் அங்கே நிற்கும்போதே, நோன்பு நெருங்கிவிட்டது என்று சம்சுதீன் வண்டியோடு வந்து இறங்கினார்.

இரட்டை மாட்டு வண்டி. கூட இரண்டு ஆள். செம்பு அண்டா, இரும்புப் பெட்டி, பாய்க்கட்டு எல்லாம் ஏறிவிட்டது. மெஹராஜ் தடுக்கவில்லை, பேசிய பேச்சுப் பேச்சுதான். கடைசியில் ஆணியிலிருந்து தஸ்பீயைக் கழற்றி அண்ணன் முன்னால் நீட்டினார்.

"இன்னும் மூணு மணி இருக்குண்ணே. இது முடியட்டும், நான் வந்துர்றேன்."

"என்ன இது?"

"அவுக தஸ்பீ. முட்டைக்கு நாள் எண்ணிக்கிட்டிருக்கேன்."

சம்சுதீன் என்னைப் பார்த்தார். "கம்பவுண்டரே, நீங்க படிச்சவுக. இருபத்தெட்டுக்கு மேல வாத்து முட்டை பொரிக்குமா? எடுத்துக் குப்பையில போடச் சொல்லுங்க."

நான் ஒரு மண்சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கேட்டேன். மெஹராஜ் கொண்டுவந்தார். ஐந்து முட்டைகளையும் ஒவ்வொன்றாக மெல்ல மிதக்கவிட்டேன். தண்ணீரின் அலை அடங்கும் வரை மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு ஒரு முட்டை தானாக ஆடியது. நின்றது, மறுபடி ஆடியது. அடுத்தது ஆடியது. நான்கு முட்டைகள் அந்தச் சட்டிக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் தலையசைத்தன. ஒன்று மட்டும் சும்மா கிடந்தது. நான் ஆயிரம் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவன். அப்படி ஒரு பிரமிப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சம்சுதீன் மாட்டை அவிழ்க்கச் சொன்னார்.

முப்பத்தொன்றாம் நாள் மாலை அஸர் தொழுகைக்குச் சம்சுதீன் கிளம்பும்போது ஒரு முட்டையில் நட்சத்திரம் போலச் சிறு விரிசல். திரும்பி வந்து கூடை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்குள் நான்கு குஞ்சுகள். கறுப்பும் மஞ்சளுமாக, நாட்டு வாத்துக் குஞ்சைவிடக் கனமாக, நனைந்த மயிரோடு தள்ளாடிக்கொண்டு நின்றன. மெஹராஜ் அழவில்லை. சிவப்பு நூலை அவிழ்த்து எடுத்தார். கடைசி மணி மிச்சமிருந்தது. அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் தஸ்பீயை ஆணியில் மாட்டினார்.

வண்டியில் ஏறியிருந்த அண்டாவை சம்சுதீன் தன் கையாலேயே இறக்கி அடுப்படியில் வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நாலு குஞ்சுக்காகவா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"குஞ்சுக்காக இல்ல. நானும் நீங்களும் குப்பையில போடச் சொன்னதை அவ உசுரோட எடுத்து வச்சிருக்கா. இனி நான் அவளுக்கு என்ன புத்தி சொல்ல?" என்றார்.

நான்கும் டிசம்பருக்குள் மூன்று கிலோ தாண்டின. ஊமையனின் மௌனமும் இல்லை, ஆத்தாளின் கூச்சலும் இல்லை, சளி பிடித்த தொண்டை மாதிரி ஒரு குரல். ஜேசுராஜ் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், கீழே விடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து தெருவில் எந்த வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் மெஹராஜிடம் சொல்லி அனுப்புவார்கள். அவர் முட்டை வைப்பார், கோழிக்காரிக்கு ஒரு வாத்துப் பங்கு. நாட்டுப் பெட்டைகள் வருடம் முழுக்க முட்டை தந்தன, அவற்றின் பிள்ளைகள் டிசம்பரில் குமுளிக்கு ஏறின. முப்பத்திரண்டு நாள் என்பதை அவர் ஒளித்து வைக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டு போனவர்கள் இருபத்தொன்பதாம் நாள் பொறுமை இழந்து முட்டையை எறிந்தார்கள்.

ஜேசுராஜ் இந்தக் கலப்புக் குஞ்சுகளில் ஒரு சோடியைத் தேனிக்குக் கொண்டுபோய் வளர்த்துப் பார்த்தார். அந்தப் பெட்டை இத்தனூண்டு முட்டை நாலைந்து இட்டது, எதுவும் பொரிக்கவில்லை. ஏதோ தந்திரம் செய்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார். நான் குறுக்கே புகுந்து, "கோவேறு கழுதை மாதிரிதான் அய்யா இது, மலடு" என்றேன். மெஹராஜ் என் மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"அந்தச் சொல்ல இந்த வீட்டுல சொல்லாதீகண்ணே. பன்னெண்டு வருசம் கேட்டாச்சு. அதுக வேலை வேற, அவ்வளவுதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஜேசுராஜிடம் அவரே விளக்கினார். ஒவ்வொரு வருடமும் அப்பனையும் ஆத்தாளையும் சேர்த்துத்தான் இந்தப் பிள்ளைகளை உண்டாக்க வேண்டும், ஆகவே எத்தனை விலை வந்தாலும் ஊமையனை விற்கக் கூடாது என்றார். ஊமையன் கிழடாகிச் செத்தபோது கொடுக்காப்புளி மரத்தடியில் புதைத்தார்கள். அதற்குள் அவன் சாதியில் இன்னொருவன் வளர்ந்துவிட்டிருந்தான்.

1984இல் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த வருடம் புரட்டாசியில் ஒருநாள் காலை மெஹராஜ் வீட்டுப் பக்கம் போனால், வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. சம்சுதீன் இறங்கிக்கொண்டிருந்தார். மனைவி இறந்துவிட்டார். கடை கைமாறிவிட்டது. மகன்கள் நால்வரும் தனித்தனியாகப் போய், மாதத்துக்கு ஒரு வீடு என்று அவரை முறை வைத்திருந்தார்கள். கையில் ஒரு பெட்டி, ஒரு குடை. வாசற்படியில் ஏறாமல் நின்றார்.

"கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன் மெஹராஜு."

மெஹராஜ் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தார். பெட்டியை அவரே வாங்கி உள்ளே கொண்டுபோய்த் தன் அறையில் வைத்தார். திரும்பி வந்து ஆணியிலிருந்து தஸ்பீயைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தார். சிவப்பு நூல் கடைசியை நெருங்கியிருந்தது.

"எனக்குக் கண்ணு மங்கிருச்சுண்ணே. இனிமே நீங்க எண்ணுங்க."

சம்சுதீன் மணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்தார், பிறகு கூடையில் உட்கார்ந்திருந்த கோழியைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "இன்னும் நாலு நாள் இருக்கு."